ஓடை வளைவில் வளர்ந்த கெளுத்திகள்

பிள்ளைகளே, உங்கள் வயதில் நான் சிடாம் கிரி ஊர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தபோது, அம்மாவுக்கு எண்ணெய் எடுக்கும் செம்பனை மரங்களுக்கு அடியில் களைக்கு மருந்து அடிக்கும் வேலை. முதுகில் மருந்து பம்பைச் சுமந்தபடி மத்தியானம் திரும்புவார். நான் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொள்ளப் பார்த்தால், "தொடாதடா, மேலெல்லாம் மருந்து!" என்று எட்ட நின்றே விரட்டுவார். எனக்கு அதில் வருத்தம்தான்.

மருந்து பட்ட துணியையும் பம்பையும் வீட்டில் அலசவே மாட்டார். தங்கை கைக்குழந்தை, அவளுடைய துணியைத் துவைக்கிற இடத்தில் மருந்து படக்கூடாது. நேரே மேட்டிலிருக்கும் ஓடைக்குப் போய்விடுவார். மருந்து அடிக்கும் பெண்கள் எல்லாருக்கும் அதுதான் வழக்கம். ஓடுகிற தண்ணீர் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும் என்பார்கள். எங்கே என்று யாரும் கேட்டதில்லை.

அதே ஓடைதான் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் வளைந்து போகும். அந்த வளைவில் கல் அடுக்கி, நான் நாலைந்து கெளுத்தி மீன்களை வளர்த்தேன். மிச்சச் சோற்றை வீசினால் மீசையை ஆட்டிக்கொண்டு வரும். பள்ளி விடுமுறைக்குள் முழங்கை நீளத்துக்கு வளர்த்துக் காட்டுகிறேன் என்று மாமாவிடம் சவால் விட்டிருந்தேன்.

மழை இல்லாத மாதம் வந்தது. ஓடை கயிறு போல மெலிந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், மீன்களெல்லாம் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. என் அலறலைக் கேட்டு மாமா வந்தார்.

"என்னடா, உன் மீனுங்க மல்லாந்து படுத்து வெயில் காயுதுங்க? அழாதலா. மொளகா அரைச்சி சம்பல் வெச்சிப் பொரிச்சிடுவோம்."

சொன்னபடியே பேசின் பாத்திரத்தில் அள்ளிவந்து, வாசலில் கழுவ உட்கார்ந்தார். வெளியே வந்த அம்மா மீன்களைப் பார்த்தார். ஓடையின் மேட்டுப் பக்கம் பார்த்தார். மறுகணம் பேசினைத் தட்டிவிட்டார்.

"ஏன்க்கா, நல்ல மீனு!"

"வாயில வெச்சிராதடா தம்பி! நேத்து மேல எல்லாரும் பம்பு கழுவுனோம்டா."

பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ இந்தத் தண்ணியில எறங்குனியா?"

"தெனமும்தாம்மா."

என்னை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தி, தோல் எரியும் வரை சோப்புப் போட்டுத் தேய்த்தார். அவர் முகமெல்லாம் கண்ணீர்.

மீனுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்தேன். "அழாதம்மா, வேற மீன் புடிச்சிக்கலாம்" என்று நான்தான் தேற்றினேன். அதைக் கேட்டு அவர் இன்னும் பலமாக அழுதார்.

பிள்ளைகளே, எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. செத்தது என்னுடைய மீன். அழ வேண்டியவன் நானல்லவா?