ஆன் ராணிக்கு நேரமில்லை

“அசையாதீங்க மேடம், குத்திடும்.”

குண்டூசிகளைக் கடித்தபடி ஐவி டக்கெட் முதலாம் எலிசபெத் ராணியின் கழுத்துப்பட்டியை, அந்த வேஷம் போட்டு விழாவையும் நடத்தும் மிஸஸ் தரோகுட்டுக்கு மாட்டிக்கொண்டிருந்தாள். மடிப்பு விறைப்பாக நிற்க, முடிசூட்டுக்காக ரேஷனில் கூடுதலாகத் தந்த சர்க்கரையைக் கரைத்துத் தோய்த்திருந்தாள். அதனால் புருஷன் வில்ஃப் மூன்று நாளாகப் பேசவில்லை.

லண்டனில் இளம் ராணி இரண்டாம் எலிசபெத்துக்கு அன்றுதான் மகுடம். இன்னொரு பொற்காலம் பிறக்கிறது என்றது வானொலி. வெல்பரியில் மழை. பழைய ராணிகளின் வேஷத்தில் வீதியில் போகவிருந்த ஊர்வலம் மாதாகோவில் கூடத்து மேடைக்கு வந்துவிட்டது.

“ஐவி, ஆன் ராணிய நீக்கிட்டோம்,” என்றாள் மிஸஸ் தரோகுட். “நேரமில்ல. பொற்காலம்னா எலிசபெத், விக்டோரியா. ரெண்டு ராணி போதும்.”

“அப்ப நான்?”

“எலிசபெத் காட்சியில ஒரு சலவைக்காரி வேணும். உன் துணியிலயே வந்துடலாம்.”

விக்டோரியாவாக உட்கார்ந்திருந்த ரொட்டிக்கடை மேபல் சிரித்தாள். “நீ நடிக்கவே வேணாம் ஐவி!”

“நீயுந்தான். மூஞ்சி ஏற்கெனவே உம்முனுதான் இருக்கு.”

பன்னிரண்டு வயதில் சலவைத் தொட்டியில் கைவைத்தவள் ஐவி. பெற்ற நான்கில் மூன்றைப் புதைத்தவள். பதினேழு தடவை கருவுற்றும், இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன் ஆண்ட ஆனுக்கு ஒரு பிள்ளையும் தங்கவில்லை என்று நூலகப் புத்தகத்தில் படித்த அன்றே, அந்த வேஷம் தனக்குத்தான் என்று கேட்டு வாங்கியிருந்தாள்.

“ஆன் காலத்துலயும் எழுதினாங்க, கட்டினாங்க. காபிக் கடையில உக்காந்து மந்திரிங்கள நாறடிச்சாங்க. அது பொற்காலமில்லையா?”

“அவளை யாருக்குத் தெரியும்? குண்டு, மூட்டுவாதம். ஜனங்க சிரிப்பாங்க.”

“நானும் குண்டு, எனக்கும் மூட்டுவலி. அதனாலதானே சரின்னீங்க? இப்ப சலவைக்காரி ராணியா நின்னா கண்ண உறுத்துதா?”

மிஸஸ் தரோகுட் கண்ணாடி பார்த்துக் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டாள். ஐவி மிச்ச ஊசிகளை மேசைமேல் கொட்டிவிட்டு வெளியேறினாள்.

மாலையில் மருந்துக்கடைக்காரர் மேடையோரம் நின்று ராணிகள் பட்டியலைப் படித்தார். எலிசபெத் இறங்கினாள். விக்டோரியா ஏறுவதற்குள் பழைய திரைச்சீலையில் தைத்த நீலக் கவுனோடு ஐவி மேடையேறி நடுவில் நின்றாள். பியானோ நின்றது.

“இது யாரு?” என்றது பின்வரிசை.

“ஆன். பதினேழு பிள்ள, ஒண்ணும் தங்கல. அப்பவும் நாட்ட ஆண்டா. உங்க பட்டியல்ல மட்டும் அவளுக்கு இடமில்ல.”

யாரும் சிரிக்கவில்லை. கைதட்டவும் இல்லை. மூட்டைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள்.

மறுநாள் புதன்கிழமை. மழை தூறிக்கொண்டிருந்தது. வேஷத் துணிகள் ஐவியிடம் வராமல் இப்ஸ்விச் நகரத்துச் சலவைக் கம்பெனி ஒன்றுக்குப் போயின. ஐவி டாக்டர் வீட்டுப் படுக்கைவிரிப்புகளைத் துவைத்துச் சமையலறையில் கயிறு கட்டிக் காயப்போட்டாள். மத்தியானம் இரண்டு விரிப்பு காய்ந்திருந்தது.