சென்னியப்ப மாமா ஓட்டுப் போட வந்த நேரம்

கொப்பரை வாசமும் பீடிப் புகையும் சேர்ந்து மூக்கை அடைக்கும்... கேரள எல்லையில் பெருமாட்டிப் பக்கம் ஒரு தேங்காய்க் குடோனில்தான் எனக்கு முதல் கட்சி வகுப்பு. பாலக்காட்டிலிருந்து வந்த தோழர் மூடநம்பிக்கையைப் போட்டுக் கிழித்துக்கொண்டிருந்தார். திடீரென்று நிறுத்திவிட்டு என் மணிக்கட்டையே பார்த்தார். மாரியம்மன் கோயில் சிவப்புக் கயிறு.

"இதெந்தா சகாவே?" என்ன தோழரே இது என்கிறார்.

"கட்சி நெறந்தானுங்க" என்றேன்.

குடோனே சிரித்தது. ஒன்பதாவதோடு நின்றவனுக்கு வேறு என்ன தோன்றும்...

ஆனால் சிரித்தவர்களில் பாதிப் பேர் இடுப்பில் தாயத்து இருந்தது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்துச் சிவப்பு அப்படி. கொடி ஏற்றவும் நல்ல நேரம் பார்ப்போம். முதல் போஸ்டர் ஒட்டும் முன் சிதறுகாய் போடுவோம்.

எங்களுக்கெல்லாம் தலை சென்னியப்ப மாமா. குத்தகைக்கு உழுதுகொண்டிருந்த தோப்பு, நிலச் சட்டம் வந்த பிறகு அவருக்கே சொந்தமானது. "கட்சி நெலங் குடுத்துச்சு, சாமி மழ குடுக்குது. ரெண்டுல எத உடச் சொல்ற?" என்பார். ஒவ்வொரு தேர்தலிலும் எங்கள் பூத்தில் முதல் ஓட்டு அவருடையது. அவர் படி இறங்கிய பிறகுதான் தோப்புக்காரக் குடும்பங்கள் வீட்டை விட்டே கிளம்பும்.

அவருக்கு ஒரே மகள், பூங்கொடி. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொண்டாள். அதுவும் கட்சி ஆபீசில்... தாலி இல்லை, மேளம் இல்லை, சிவப்பு மாலை மாற்றியதோடு சரி. அன்றைக்கு மகளை விட்டவர், கட்சியை விடவில்லை. மாசாமாசம் கூட்டத்துக்கு வந்து முன் வரிசையில் உட்காருவார். அவள் இருக்கும் பக்கம் திரும்ப மாட்டார்.

அப்புறம் எங்கள் வார்டு பெண்கள் வார்டானது. கட்சி நிறுத்தியது யாரை? பூங்கொடியைத்தான்.

மாமா எதிர்க்கட்சிக்குக் குத்த மாட்டார். மகளுக்கும் குத்த மாட்டார். அவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டால் தோப்பே உட்கார்ந்துவிடும்... பூங்கொடி தோற்ற மாதிரிதான்!

செவ்வாய்க்கிழமை ஓட்டு. பள்ளிக்கூடத்தில் பூத் ஏஜென்டாகப் புதுச் சட்டை போட்டு உட்கார்ந்திருக்கிறேன். காலை ஏழு மணி... மாமா இல்லை. பத்து... இல்லை. எதிர்க்கட்சி ஏஜென்ட் வெற்றிலையை மடித்துக்கொண்டே, "என்னப்பா, உங்காளுக எல்லாம் தீர்த்த யாத்திரையா?" என்றான்.

மத்தியானம் வேறொருவனை உட்கார வைத்துவிட்டு மொபெட்டை முறுக்கினேன். மாமா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து நிதானமாக மாட்டுக்குச் சோளத் தட்டு நறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங் மாமா, இன்னும் கெளம்பலீங்களா?"

"வரலாம் வரலாம்."

"கட்சி குடுத்த நெலமுங்க... மறந்துறாதீங்க."

அரிவாளை நிறுத்தினார். "கையில கயிறு கட்டீட்டு எனக்குக் கட்சி வகுப்பு எடுக்கறயா? போடா, போயி உக்காரு."

வந்து உட்கார்ந்தேன். சுவர்க் கடிகாரம் நகரவே இல்லை. மூன்று... நான்கு... ஐந்துக்கு ஓட்டு முடிந்துவிடும்.

நாலரை தாண்டியதும் வெளியே சலசலப்பு. எட்டிப் பார்த்தேன். சலவை வேட்டி, நெற்றி நிறைய திருநீறு, கக்கத்தில் குடை. மாமா! பின்னால் தோப்பே வருகிறது... சேலை சரசரக்க, குழந்தைகளை இடுக்கிக்கொண்டு, கோயில் நோம்பிக்குப் போகிற மாதிரி. எதிர்க்கட்சிக்காரன் வாயில் வெற்றிலை அப்படியே நின்றுவிட்டது. எனக்கு எழுந்து குதிக்க வேண்டும் போல இருந்தது. ஏஜென்ட் குதிக்கலாமா என்று தெரியாததால் உட்கார்ந்துகொண்டேன்.

மாமா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து குத்திவிட்டுப் போனார். வராந்தாவில் ஓடிப் பிடித்தேன்.

"இத்தன நேரம் எதுக்கு மாமா உசுர வாங்குனீங்க?"

"பூங்கொடிக்கு மூணு மணி வரைக்கும் சந்திராஷ்டமம். அதுக்கு மேல நாலர வரைக்கும் ராகு காலம். அவ காரியத்த அதுலயா தொடங்கச் சொல்ற?"

மகள் பேரை அவர் வாயால் கேட்டு எத்தனை வருசம்...

"இத அவகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"அவளுக்கு இதுலெல்லாம் நம்பிக்கையில்ல. எதுக்குச் சொல்லிக்கிட்டு."

பள்ளிக்கூடம் தாண்டி, வெயிலில் நின்றிருந்தாள் பூங்கொடி. மாமா நிற்கவில்லை. குடையை மட்டும் அவள் கையில் திணித்துவிட்டு நடந்தார்.

கொஞ்ச ஓட்டில்தான் ஜெயித்தாள். எண்ணி முடித்ததும் நான் போட்ட ஆட்டத்தில் புதுச் சட்டை கிழிந்தது வேறு கதை.

இப்போதெல்லாம் யாரும் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. ஒரே வீட்டில் மூன்று கட்சி. எந்நேரத்துக்கும் போய்க் குத்திவிட்டு, விரலைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த நாலரை மணிப் படபடப்பு...

போன வாரம் கோயமுத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் போன் பண்ணினாள்.

"அப்பா, ஞாயித்துக்கெழம அவனக் கூட்டீட்டு வரட்டுமா? அவங்க நம்மாளுக இல்ல... தெரியுமில்ல?"

"கூட்டீட்டு வா கண்ணு. நாலு மணிக்கெல்லாம் வந்துருங்க."

"அதென்னப்பா நாலு மணி?"

"காபி போடற நேரமாச்சே" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை நாலரைக்கு ராகு காலம் என்பதைச் சொல்லவில்லை.