எல்லா முகத்துக்கும் ஒரே பவுடர்

டிவியில் செய்தி வாசிப்பவருக்குத் தலைவலி வந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெள்ளம், விபத்து, விலைவாசி என்று எதைச் சொன்னாலும் இப்போதுதான் குளித்துவிட்டு வந்த முகத்தோடு சொல்வார். அதற்கு மேக்கப்காரர் பாதிப் பொறுப்பு. மீதிப் பொறுப்பு, ஒரு டிவி கம்பெனியின் மேல்மாடியில், சாம்பல் நிறச் சுவர்களுக்கு நடுவே, திரையின் நிறம் சரியாகத் தெரியவென்று பட்டப்பகலில் விளக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் இன்ஜினியர் ஒருவருடையது. எதிரில் அவரை சார் என்பார்கள். அவர் தலை மறைந்ததும் பவுடர் மாஸ்டர் ஆகிவிடுவார். தமக்கு இப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்குத் தெரியும். உள்ளூரப் பெருமை என்றுகூடக் கேள்வி.

அவர் செய்த வேலை இதுதான். பழைய டிவியில் படம் அலையாக வந்து அலையாகவே திரைக்குப் போகும். வழியில் பட்ட அடியெல்லாம் முகத்தில் தெரியும். இப்போதைய கலர் டிவிக்குள் படம் நுழைந்ததுமே எண்களாகிவிடுகிறது. ஒவ்வொரு புள்ளிக்கும் இவ்வளவு வெளிச்சம், இன்ன நிறம் என்று கணக்கு. கணக்கு என்று வந்துவிட்டால் திருத்தாமல் இருப்பார்களா? ஒரு சர்க்யூட் படத்தில் பறக்கும் பூச்சிப் புள்ளிகளைத் துடைக்கும். இன்னொன்று மங்கிய ஓரங்களைக் கூராக்கும். பவுடர் மாஸ்டரின் சர்க்யூட் தோலைக் கவனிக்கும். தோல் நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி அகப்பட்டால், அது பச்சையடித்திருந்தாலும் மஞ்சளடித்திருந்தாலும், காதைப் பிடித்து இழுத்து வந்து ஆரோக்கியமான நிறத்தில் நிறுத்திவிடும். கூடவே அதற்கு ஒரு தம்பி சர்க்யூட். பழுப்பேறிய வெள்ளையைக் கண்டால் அதற்கு ஆகாது. உடனே நீலம் போட்டு வெளுத்துவிடும். சட்டை, பல், கண்ணின் வெள்ளை, எதுவும் அதனிடம் தப்பாது.

விற்பனை மேனேஜர் அடிக்கடி மாடியேறி வந்து விண்ணப்பம் வைப்பார்.

"சார், இன்னும் கொஞ்சம் ரோஸ் ஏத்துங்க. பொணத்தைக் காட்டினாக்கூடத் தூங்கி எழுந்த மாதிரி இருக்கணும். அப்பத்தான் கடையில நம்ம டிவி முன்னாடி ஆள் நிப்பான்."

மாஸ்டர் ஏற்றுவார்.

இந்தத் தொழில் மேல் அவருக்கு ஆசை வந்ததே அக்காவால்தான். சின்ன வயதில் அவர்கள் வீட்டு டிவியில் எல்லோரும் பச்சையாகத் தெரிவார்கள். "இவங்கல்லாம் குளத்துக்குள்ளயா குடித்தனம் பண்றாங்க? பாசி பிடிச்சுக் கிடக்காங்க!" என்பார் அக்கா. தம்பி டிவியைத் திறந்து திருகி, வீட்டின் ஃப்யூஸையும் சேர்த்து எரித்தான். அக்கா திட்டவில்லை, மெழுகுவர்த்தி வாங்கி வந்தார். டெலிபோன் ஆபீஸில் ஓய்வு பெற்று, வேறோர் ஊரில் தனியாக இருக்கும் அந்த அக்காவுக்கு இன்றும் நிறம் என்றால் தம்பி சொன்னதுதான். புடவை வாங்கினால்கூடப் போனில் காட்டி, "இது நீலமா, ஊதாவாடா?" என்று கேட்டுவிட்டுத்தான் கட்டுவார்.

ஞாயிறு காலையில் அக்கா வீடியோவில் கூப்பிடுவார். மாஸ்டர் போனை ஒயர் போட்டுக் கூடத்து டிவியில் இணைத்துவிடுவார். கம்பெனியின் புதிய மாடல் அது. விற்பனை மேனேஜர் கேட்ட ரோஸெல்லாம் ஏறியது. அதில் அக்கா வந்தால் பத்து வயது குறைந்துதான் வருவார்.

ஒரு ஞாயிறு, ஒயர் மாட்டுவதற்கு முன் போனை எடுத்தவர் மாஸ்டரின் மனைவி.

"அண்ணி, ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க? மூஞ்சி மஞ்சளா இருக்கே."

"நீயும் சொல்றியா? பக்கத்து வீட்டுக்காரியும் அதையேதான் சொல்றா. கண்ணுகூட மஞ்சளாம். உடம்பெல்லாம் வேற அரிக்குது. அவன்கிட்டக் குடு, கேக்கலாம்."

மாஸ்டர் ஒயரை மாட்டினார். அக்கா திரையில் பெரிதாக மலர்ந்தார். ரோஜா நிறத்தில் கன்னம், சலவைக்குப் போய் வந்த கண்.

"வெள்ளை வெளேர்னு இருக்குக்கா கண்ணு! நீ கண்ணாடி பாக்கற பாத்ரூம்ல பல்பு என்ன கலர்?"

"மஞ்சள்தான்."

"அதான் விஷயம். பல்பை மாத்து."

அக்கா பல்பை மாற்றினார். அடுத்த ஞாயிறு, மாற்றியும் அப்படியேதான் இருக்கிறது என்றார். கண்ணாடி பழசு, ரசம் போயிருக்கும் என்றார் மாஸ்டர். அக்கா கண்ணாடியையும் மாற்றினார். டாக்டரைப் பார் என்ற பக்கத்து வீட்டு அம்மாளிடம், "என் தம்பி கலர்லயே வேலை பாக்கறவன். அவனுக்குத் தெரியாததா?" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த அம்மாள் பாவம், வெறும் கண்ணால் பார்த்தவர். வெறும் கண்ணுக்கு யார் மதிப்புக் கொடுக்கிறார்கள்?

வீட்டிலும் சண்டை வந்தது.

"என்னங்க, போன்ல ஒரு கலர், டிவியில ஒரு கலரா இருக்காங்க. அண்ணியை டாக்டர்கிட்டப் போகச் சொல்லுங்க."

"போன் உள்ளங்கை அகலத் திரை. அதுல என்ன கலர் தெரியும்?"

"எனக்குத் தெரியுது."

"காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்னு சும்மாவா சொன்னாங்க!"

பழமொழிகளுக்கு வாய் இருந்தால், "ஐயா, என்னை விட்டுவிடு" என்று அப்போதே கதறியிருக்கும்.

அதற்கடுத்த ஞாயிறு அக்கா ரொம்பச் சோர்ந்திருந்தார். சாப்பாட்டு வாசனையே பிடிக்கவில்லை என்றார். மனைவி திரையை விட்டுக் கணவரைப் பார்த்தார். திட்டியிருந்தால் மாஸ்டர் தாங்கியிருப்பார். அந்தப் பார்வை தாங்க முடியாமல்தான் ரிமோட்டை எடுத்தார்.

"உன் திருப்திக்கு என் சர்க்யூட்டை நிறுத்திக் காட்டறேன். அப்பவும் இதே கலர்தான் இருக்கும். அப்புறம் பேசக்கூடாது."

ரிமோட்டில் சில பொத்தான்களைக் கம்பெனிக்காரர்களுக்கு மட்டும் தெரிந்த வரிசையில் அழுத்தினால் ரகசியப் பட்டியல் ஒன்று திரையில் வரும். தோல் திருத்தம், வெள்ளைத் திருத்தம். இரண்டையும் அணைத்தார்.

அக்கா மஞ்சளானார்.

மாஸ்டர் முதலில் எழுந்துபோய் ஒயரை ஆட்டிப் பார்த்தார். தொழில் புத்தி! பிடுங்கி மறுபடி மாட்டினார். அதே மஞ்சள். படம் முழுக்கவே மஞ்சளடிக்கிறதோ என்று அக்காவுக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தார். சுவர் வெள்ளையாக இருந்தது. கொடியில் கிடந்த துண்டும் வெள்ளையாக இருந்தது. முகமும் கண்ணும்தான் மஞ்சள்.

"என்னடா, ஆளையே காணோம்? டிவி கெட்டுப் போச்சா?" என்றார் அக்கா.

"இல்லக்கா. நல்லா இருக்கு." ஒயரை விட்டுவிட்டு நிமிர்ந்தார். "நீ இப்பவே அந்தப் பக்கத்து வீட்டம்மாவைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. நான் பஸ் ஏறிட்டேன்னு வெச்சுக்கோ."

"கண்ணு வெள்ளையா இருக்குன்னு நீதானேடா சொன்னே?"

மாஸ்டர் அதற்குள் சட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பித்தான்கள் ஒன்று மாற்றி ஒன்று விழுந்திருந்ததைப் பஸ்ஸில்தான் மனைவி சரிசெய்தார்.

அன்று மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள். டாக்டர் அம்மாள் பொறுமைசாலி. பித்தநாளம் அடைத்திருக்கிறது, கல்லா, கட்டியா என்று சோதனை முடிவு வந்தால்தான் சொல்ல முடியும் என்றார். கல் என்றால் எடுத்துவிடலாம். கட்டி என்றால் என்ன என்று மாஸ்டர் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

"ஏன் இவ்வளவு லேட்டு? கண்ணைப் பாத்தாலே தெரியுமே. வீட்டுல யாருமே பாக்கலையா?"

"வாரா வாரம் பாத்தோம் டாக்டர்," என்றார் மாஸ்டர். "டிவியில."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இவரையும் சேர்த்து அட்மிட் பண்ணலாமா என்று யோசித்திருக்கலாம்.

வார்டில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு டிவி சுவரில் தொங்கியது. மாஸ்டர் கம்பெனியுடையதேதான். கீழே வரிசையாகக் கட்டில்கள். வெளிறியதும் கறுத்ததும் வீங்கியதுமாக முகங்கள். மேலே செய்தி வாசிப்பவர் மட்டும் பன்னீரில் குளித்தாற்போல் பளபளத்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பார்க்க மாஸ்டருக்குப் பொறுக்கவில்லை. ரிமோட்டை எடுத்தார். ரகசியப் பட்டியலை வரவழைத்தார். அணைத்தார்.

செய்தி வாசிப்பவருக்கு ஒரே நொடியில் வயதாகிவிட்டது. கண்ணுக்குக் கீழே நிழல், தாடையில் ஒரு பச்சை. அவரும் நம்மைப் போலத்தான், பாவம்.

"யோவ், யாருய்யா அது டிவியைக் கெடுக்கறது?" என்றது ஒரு கட்டில்.

"நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு! இங்க இருக்கற மூஞ்சிங்க பத்தாதா?" என்றது எதிர்க் கட்டில்.

"மெக்கானிக்கா சார் நீங்க? தெரியலைன்னா தொடாதீங்க," என்றார் நர்ஸ்.

மாஸ்டர் மறுபடி ரோஸைப் போட்டுவிட்டார். வார்டு நிம்மதியாகப் பெருமூச்சு விட்டது.

அக்கா கண்ணை மூடியபடியே சிரித்தார். "திட்டு வாங்கினியா? ஃப்யூஸ் போகாத வரைக்கும் சரி." பிறகு கண்ணைத் திறந்தார். "சோதனை முடிவு எப்ப வருமாம்?"

"இன்னும் சொல்லலக்கா."

"சரி, நீ சொல்லு. நான் எப்படிடா இருக்கேன்?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் எப்போதும் ஒரே பதில்தான் இருந்தது. அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டு, எழுந்து ஜன்னல் திரையை விலக்கினார். வெயில் கட்டிலில் விழுந்தது. டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"மஞ்சளா இருக்கேக்கா."

"நேத்தைவிட அதிகமா, கம்மியா?"

மாஸ்டர் குனிந்து பார்த்தார். தலையைச் சாய்த்துப் பார்த்தார். முகங்களையே பார்த்து முடி நரைத்தவருக்குப் பிடிபடவில்லை. நேற்றைய முகத்தை அவர் எங்கே பார்த்தார்?

"தெரியலக்கா. நாளைக்கு இதே ஜன்னல்ல பாத்துட்டுச் சொல்றேன்."

"நாளைக்கா?" அக்கா கையை நீட்டி அவர் விரலைப் பிடித்துக்கொண்டார். "சரி, பாத்துச் சொல்லு."