நவாஹோ, ஹோப்பி நிலங்களில் என் மரியாதை பட்ட பாடு

சுற்றுலா வழிகாட்டியின் வேலை வழி காட்டுவதல்ல. தெரியாத இடத்திலும் எல்லாம் தெரிந்தவன்போல முகத்தை வைத்துக்கொள்வது. பாரிஸின் லா சப்பலில் சின்னப் பயண முகவர் கடை வைத்திருக்கிற நான், கோடையில் எங்கள் சனத்தைக் கூட்டிக்கொண்டு அமெரிக்கப் பாலைவனத்திலுள்ள நவாஹோ, ஹோப்பி பழங்குடி மக்களின் நிலங்களுக்குப் போவேன். கூட்டம் மேய்த்துப் பழகியவர்களே, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

ஒரு மணி நேரம்

கோடையில் நவாஹோக்கள் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவார்கள். அவர்களுக்கு நடுவில் இருக்கிற ஹோப்பிகள் தள்ளமாட்டார்கள். இதை பஸ்ஸில் மைக் பிடித்து விளக்கியதே நான்தான். மறுநாள் நவாஹோ பக்கத்து ஹோட்டல் மணியை நம்பி எல்லோரையும் அரைச் சாப்பாட்டில் எழுப்பி விரட்டிக்கொண்டு ஹோப்பி கிராமத்தில் இறங்கினால், ஈ காக்கா இல்லை. எங்களுக்கு ஊரைக் காட்டவேண்டிய பெண் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. வெயிலில் நின்ற, பாரிஸுக்குப் பக்கத்து எபினேயிலிருந்து வந்த சிவம் அண்ணை சொன்னார்: "தம்பி, சொந்தக் கலியாணத்துக்குக்கூட நான் இவ்வளவு வேளைக்குப் போகேல்லை."

படம்

ஹோப்பி கிராமங்களில் படம் எடுக்கக் கூடாது, வரையவும் கூடாது. "ஃபோன் எல்லாம் பையுக்கை போகவேணும்" என்று நானே கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். மேட்டின் விளிம்பில், கல் வீடுகளுக்கு அப்பால் பாலைவனம் நீலமாக விரிந்து கிடந்தது. ஃபோனோடு என் கை தானாக மேலே போய்விட்டது.

அந்தப் பெண் நின்றார். "இத்தோடு திரும்பிவிடலாம்" என்றார், குரலை உயர்த்தாமல். பாரிஸிலிருந்து இவ்வளவு தூரம் வந்த சனம் என்னையே பார்த்தது. மன்னிப்புக் கேட்டு, அவர் கண்முன்னே படத்தை அழித்தேன். அதைப் பார்த்துவிட்டு அவர் மறுபடி நடந்தார். பின்னால் வந்த சமையற்காரர் ரவி காதோடு சொன்னார்: "அண்ணை, உங்கடை ஃபோனையும் தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்."

மொழிபெயர்ப்பு

அடுத்த முறை என்னை மாட்டிவிட்டது ஃபோன் இல்லை, என் வாய்தான். அவர்களுடைய சடங்கு ஆட்டத்துக்கு என்ன அர்த்தம் என்று யாரோ கேட்டார்கள். "அது எங்களுக்குள் இருக்கட்டும்" என்று அந்தப் பெண் சிரித்தபடி ஆங்கிலத்தில் சொன்னார். வழிகாட்டி வெறுங்கையோடு நிற்கலாமா? மொழிபெயர்க்கிறேன் என்று மழை, சோளம், முன்னோர் எனத் தமிழில் நான் வெளுத்து வாங்கினேன். லெ பிளாங்-மெனிலில் இருந்து வந்த திரேசக்கா பொறுமையாகக் கேட்டு முடித்தார். அவருக்கு ஆங்கிலம் தெரியும் என்பது எனக்குத் தெரியாது.

"அவ ஒரு வசனம்தானே சொன்னவ. மிச்சத்தை ஆர் தம்பி சொன்னது?"

பிறர் மண்ணில் மரியாதையாக நடப்பது எப்படி என்று ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் நான் இன்னும் வகுப்பெடுக்கிறேன், வருகிறவர்கள் எல்லோரும் என்மேல் ஒரு கண் வைத்துக்கொள்கிறார்கள்.