பாய்லர் எடுத்தவள்

என் தங்கச்சிக்குக் குடும்பத்தில் பட்டப்பெயர் பயந்தாங்கொள்ளி. வீட்டைப் பூட்டினால் பூட்டை இழுத்துப் பார்ப்பாள்; தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இன்னொரு தரம் இழுப்பாள். அப்படிப்பட்டவள் பழைய இரும்பு வியாபாரியான என்னோடு ஏலத்துக்கு வந்தாள். கையில் மனை விற்ற பணம். அது போனால் அவளும் மாப்பிள்ளையும் காலத்துக்கும் வாடகை வீடுதான்.

மூடிப்போன சாயப்பட்டறை அது. ஏலத்தில் எல்லாம் ஆம்பளைகள், அவள் ஒருத்தியைத் தவிர. செம்புக் கம்பி வந்ததும் ஒரு மீசைக்காரரும் அவருடைய எதிர்க்கடைக்காரரும் முறைத்துக்கொண்டே விலையை ஏற்றினார்கள். கம்பியின் பெறுமானத்தை விலை எப்போதோ தாண்டிவிட்டது. அவர்கள் கம்பிக்கா கேட்டார்கள்? வீம்புக்குக் கேட்டார்கள். தங்கச்சி அந்தக் கம்பிக்கு விலையே கேட்கவில்லை.

கடைசியில் பாய்லர். யானை படுத்த மாதிரி கிடந்தது. ஒரு வாரத்தில் எடுக்காவிட்டால் கட்டிய பணம் போச்சு. பக்கத்தில் பஞ்சுக் கிடங்கு, அதனால் உள்ளே நெருப்பு வைத்து அறுக்கவும் கூடாது. வாசலோ ஆள் நுழையும் அகலம். ஒருத்தரும் கேட்கவில்லை.

தங்கச்சியின் கை உயர்ந்தது.

"ஏம்மா, மந்திரம் போட்டுத் தூக்கப் போறியா?" என்றார் மீசைக்காரர். ஒரே சிரிப்பு.

"மந்திரம் தெரியாதுண்ணே. உள்ள வந்தது எப்படியோ வந்துதானே இருக்கும்?"

"அடியே, மனையைக் கொண்டுபோய் இரும்புல போட்டுட்டியே!" என்றேன் நான், போட்டியில்லாமல் ஏலம் அவள் பேருக்கு முடிந்ததும்.

"கத்தாதண்ணே. எனக்கும் பயமாத்தான் இருக்கு. இங்க வந்து பாரு."

பின்சுவருக்குக் கூட்டிப்போனாள். பூச்சு உதிர்ந்த இடத்தில் ஒரு பெரிய சதுரம் மட்டும் செங்கல் வேறு நிறம். பாய்லரை உள்ளே விட்டபின் அடைத்த வழி! ஏலத்துக்கு முன்பே வந்து வந்து தட்டிப் பார்த்திருக்கிறாள். உடைத்துவிட்டுத் திரும்பக் கட்டித் தருவதாகச் சொல்லி பட்டறை முதலாளியின் சம்மதமும் வாங்கிவிட்டாள். எத்தனை பட்டறை ஏறி இறங்கியவன் நான். என் கண்ணுக்குப் பாய்லர் மட்டும்தான் தெரிந்தது.

ஆனாலும் உள்ளே கான்கிரீட் இருந்தால் கதை முடிந்தது. அவள் வரச்சொல்லியிருந்த கொத்தனார் கடப்பாரையை ஓங்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். முதல் செங்கல் பெயர்ந்தது. வெயில் ஒரு கோடாகப் பாய்ந்து பாய்லரின் வயிற்றில் விழுந்தது. கான்கிரீட் இல்லை, வெறும் செங்கல்!

குழாய் உருளைகளின் மேல் அது தேர் மாதிரி நகர்ந்து வந்தது. சிரித்த மீசைக்காரரே ஓடிவந்து கயிறு பிடித்தார். எடைக்குப் போட்டாலே அதே மாதிரி இரண்டு மனை வாங்கலாம்.

லாரியில் ஏற்றிக் கட்டியதும் தங்கச்சி முடிச்சை இழுத்துப் பார்த்தாள். நாலடி போனாள். திரும்பி வந்து மறுபடி இழுத்தாள்.

"அக்கா, இறுக்கித்தான் கட்டியிருக்கேன்," என்று டிரைவர் சலித்துக்கொண்டார்.

"யோவ், சும்மா இரு," என்றார் மீசைக்காரர். "அவங்க இழுத்துப் பார்க்கட்டும்."