தபீதாளின் சாம்பார் மேல் விழுந்த பழி

சாம்பாரில் பல்லி விழுந்ததாம்! கண்ணால் பார்த்தவள் போலச் சொல்கிறாள் இரும்புலியூர் குழாயடியில் கங்கையம்மாள். "ஹாஸ்டல் பையன் வாயில நொர தள்ளிச்சாமே! அந்தத் தபீதா இன்னாத்த ஆக்கிப் போட்டாளோ, அதான் தொரத்தி வுட்டுக்கீறாங்க." போன கிறிஸ்துமஸுக்குத் தபீதாள் கொடுத்தனுப்பிய பிரியாணியைத் தூக்குவாளி தேயத் தேய வழித்த வாய்தான் அது. அன்றைக்கு எந்தப் பல்லியும் தெரியவில்லை.

தாம்பரம் பக்கத்தில் ஒரு கல்லூரி விடுதி. பதினோரு வருடம் அங்கே சமைத்தவள் தபீதாள். ஒருநாள் அங்கே பயிற்சி வைத்தார்கள். போதைக்காக வலி மாத்திரையை அளவு மீறி விழுங்கியவனுக்கு மூச்சு அடங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று தீபலட்சுமி என்ற நர்ஸ் சொல்லிக்கொடுக்க வந்திருந்தாள். மாணவர்களுக்கோ அன்று கிரிக்கெட். காலி நாற்காலி போட்டோவில் அழகாக இராதே! வார்டன் ஐசக் சார் சமையல்கட்டுக்கே ஓடி வந்தார். "தபீதா அக்கா, கரண்டிய வெச்சிட்டு வந்து உட்காருங்க."

கடைசி நிமிஷத்தில் வந்த பையன்களுக்குச் சான்றிதழ். முதலிலிருந்து உட்கார்ந்து, பொம்மையின் வாயில் ஊதியும் பழகிய தபீதாளுக்கு ஒரு சமோசா.

மூன்று வாரம் போனது. ஒரு மத்தியானம் விடுதிப் பையன் விக்கி சாப்பிட வரவில்லை. சாம்பார் என்றால் தட்டோடு முதல் ஆளாக நிற்கிறவன். தபீதாள் மாடியேறிப் பார்த்தாள். கட்டிலில் கிடந்தான், உதடு நாவற்பழ நிறம். விட்டுவிட்டு ஒரு குறட்டைச் சத்தம், இமையை விலக்கினால் கண்மணி கடுகளவு, பக்கத்தில் காலி மாத்திரை அட்டை. உலுக்கினாள், அசையவில்லை. அவள் போட்ட கூச்சலில் படித்தவர்கள் எல்லாரும் வந்து சேர்ந்தார்கள்.

ஐசக் சார் தன் சாவிக்கொத்தை எடுத்துப் பையன் கையில் திணித்தார். "ஃபிட்ஸ்தான். இரும்பு வெச்சா நின்னுடும்." இரண்டு பட்டம் வாங்கிய மனிதர். கணக்கு வாத்தியார் மோர் டம்ளரோடு வந்தார்.

"நெனவில்லாதவன் வாயில ஊத்தாதீங்க சார், மூச்சுக்கொழாய்ல போயிடும்! நூத்தியெட்டுக்குப் போன் போடுங்க!"

டம்ளரைத் தட்டிவிட்டாள். பையன் தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, நர்ஸ் சொன்ன கணக்கில் ஊதினாள். வண்டி வரும்வரை நிறுத்தவில்லை. ஆஸ்பத்திரியில் மாத்திரை அட்டையை டாக்டர் கையிலேயே கொடுத்தாள். ஊசி போட்டதும் விக்கி கண் விழித்தான்.

கல்லூரி மெச்சிக்கொள்ள வேண்டாமா? மறுநாள் காலையிலேயே மெச்சியது. ஐசக் சார் ஒரு காகிதத்தோடு வந்தார். சாம்பார் கெட்டுப்போனதால் மாணவன் மயங்கினான் என்று எழுதி, கீழே தபீதாள் பெயர்.

"ஒரு கையெழுத்துதானே அக்கா. காலேஜ் பேர் கெடக் கூடாது. வேலை போகாம நான் பாத்துக்கறேன்."

"அவன் நேத்து சாப்பிடவே வரலியே சார்."

"அதெல்லாம் யார் கேக்கப் போறா?"

"அவங்கப்பா சுப்பராயலு கேப்பாரு. இந்தக் காயிதத்தக் காட்டுவீங்க, சாம்பார்தான்னு நம்பி நிம்மதியா ஊருக்குப் போவாரு. இவன் மறுபடியும் மாத்திரை போடுவான். அப்ப யாரு ஊதறது, உங்க சாவிக்கொத்தா?"

ஐசக் சார் முகம் சிறுத்தது. "போடலன்னா இங்க இருக்க முடியாதுக்கா."

காகிதத்தை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தாள். ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். பையனின் அப்பா ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார். வேறு யாராவது சாம்பார் கதை சொல்வதற்குள் அவரைப் பார்த்தாக வேண்டும்.

அடுப்பில் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. வாசற்படியில் நின்று திரும்பினாள்.

"சாம்பாருக்கு இன்னும் உப்புப் போடல சார். நீங்களே போட்டு, நீங்களே கையெழுத்தும் போட்டுடுங்க."

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே நடந்தாள்.