அந்த ஜாஸ்தி யாருடையது?

போன ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு பாராட்டு விழா. கைதட்டத்தான் போனேன். வயிறெரிந்து திரும்பினேன்.

மீனவர்களின் போனுக்குக் காற்று, மழை எச்சரிக்கை அனுப்பும் ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேர் ஒன்று இருக்கிறது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஏற்பதா, தள்ளுவதா என்பதைப் பொறுப்பாளர் முடிவு செய்வார். அவருக்குத்தான் அன்று பொன்னாடை.

என் மனைவியின் தம்பி குமரன், திருப்பாதிரிப்புலியூரில் உட்கார்ந்தபடி இதற்கு உழைக்கிறவன். வேலை தேடிக்கொண்டிருக்கிறான். "ஓப்பன் சோர்ஸ்ல என்னா செஞ்சிருக்கீங்கன்னுதான் மொதல்ல கேக்குறாங்க மாமா. இதுல எம்பேரு ஒரு எடத்துல வந்துட்டா போதும்" என்பான்.

அவன் கண்ணில் பட்டது இதுதான். எழுதிய வரிகளை ஓடும் சாப்ட்வேராகக் கட்டும் 'பில்டு' நடக்கும்போதெல்லாம், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் முகவரியைக் கேட்டுச் சொல்ல 'நெட்-டூல்ஸ்' என்ற அரதப்பழசான கருவி வேண்டும். புது லினக்ஸ்களில் அது கூடவே வருவதில்லை. என்றைக்காவது பில்டு படுத்துவிடும். பழசைத் தூக்கிவிட்டு, புதுக் கருவிக்கு மாற்றி அனுப்பினான். பதில்? "ஓடுவதை ஏன் தொடுகிறீர்கள்?" அவ்வளவுதான், தள்ளிவிட்டார்.

சென்ற மாதம் பில்டு படுத்தேவிட்டது. பொறுப்பாளரே ஊண் உறக்கமில்லாமல் சரிசெய்தாராம்... அதற்குத்தான் விழா! மேடைத் திரையில் தன் திருத்தத்தைப் பெரிதாகக் காட்டினார். புரோகிராம் வரிகளுக்கு நடுவே தமிழில் ஒரு குறிப்பு: 'பழைய டூல் ஜாஸ்தி சுமை. தூக்கியாச்சு.'

ஜாஸ்தியா? மைக்கை 'ஒலிவாங்கி' என்றும் காபியைக் 'குளம்பி' என்றும் சொல்கிற மனிதர் அவர். ஜாஸ்தி எங்கள் வீட்டுச் சொல். உப்பு ஜாஸ்தி, வெயில் ஜாஸ்தி, அக்காவுக்கு வாய் ஜாஸ்தி... குமரன் ஓயாமல் சொல்வது. அவன் அனுப்பியதை, குறிப்பைக்கூட அழிக்காமல் அப்படியே எடுத்துத் தன் பெயரில் போட்டிருக்கிறார். என்னோடு வந்திருந்த குமரன் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்தேன். "ஐயா, அந்த ஜாஸ்தி யாரு எழுதுனது?"

சிரித்தார். "ஓப்பன் சோர்ஸில் எனது, உனது என்பதே கிடையாது, ஐயா. எல்லாம் கூட்டு முயற்சி."

அதற்கும் கைதட்டல்!

கடலூர் பஸ்ஸில் வழி முழுக்கப் புலம்பிக்கொண்டு வந்தேன். "நீ அனுப்புனது இன்னும் அங்கதான இருக்கும்? அதக் காட்டி நாயம் கேளு மச்சான்."

"இருக்கு மாமா. பக்கத்துலயே 'ரிஜெக்டட்'னு அவரு போட்டதும் இருக்கு. வெள்ளிக்கெழம இன்டர்வியூல அதத்தான் தொறந்து பாத்தாங்க. வேற ஏதாச்சும் இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னேன். திருப்பி அனுப்பிட்டாங்க... வுடு மாமா."

எப்படி விடுவது? பெயரை எதிர்பாராமல் உழைக்க வேண்டும் என்று நமக்குப் புத்தி சொல்கிறவர்கள் யாராவது தங்கள் பெயரை விட்டுக்கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்ததில்லை.

கூட்டு முயற்சி, சரி — பொன்னாடை மட்டும் ஏன் ஒரே தோளில்?